மனப்பதிவுவாத ஓவியம்: பார்வைமுறையும் சமூகத்தளமும்

1

தமிழ்த் திறனாய்வுத் துறையில் ‘மனப்பதிவு’ என்னுஞ் சொல் பெரும்பாலும் ஒரு குறைகூறலாகவே வழங்கி வந்துள்ளது. நூலொன்றைப் படித்த மாத்திரத்தில் தமக்குத் தோன்றியவற்றை, ஆதாரமோ அளவுகோலோ இன்றிக் கூறிச் செல்லும் எழுத்தினை ‘மனப்பதிவு விமர்சனம்’ எனப் பெயரிட்டு, அதற்கெதிராகச் சமூகவியல் அடிப்படையிலான திறனாய்வினை வற்புறுத்துவது முற்போக்கு விமர்சகர்களின் பணிகளுள் ஒன்றாக இருந்தது. அப்பணி அவசியமானதே. ஆயினும் அதன் பக்கவிளைவாக ஒரு மயக்கமும் ஏற்பட்டுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிரான்சிலே தோன்றிய மனப்பதிவுவாத ஓவியமும் இத்தகைய பொறுப்பற்ற அகவயப் போக்கே என்று எம்மிற் பலர் எண்ணிவிடுகின்றனர். ஒளியும் வர்ணமும் கொண்டு கண்ணுக்கு விருந்தளித்த, சமூகத்தைக் காண மறுத்த பூர்ஷ்வாக் கலை என அதனை ஒரு வாக்கியத்தில் தீர்த்துவிடுவது எளிது. மறுபுறத்தில், நாட்காட்டிகளிலும் வரவேற்பறைச் சுவர்களிலும் அவ்வோவியங்களின் அச்சுப்பிரதிகளைக் கண்டு மகிழும் இரசிகர்கள், அவை வரலாறு ஏதுமற்ற தூய அழகின் வெளிப்பாடுகள் என நம்புகின்றனர்.

இவ்விரு கூற்றுகளும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள் என்பதே எமது கருத்தாகும். மனப்பதிவுவாதிகள் தமது விருப்பு வெறுப்புகளைத் தீட்டியவர்களல்லர். கண் எவ்வாறு காண்கிறது என்பதை விடாமுயற்சியுடன் ஆராய்ந்தவர்கள். அவ்வகையில் அவர்களது ஓவியம் அவதானிப்பின் ஓர் ஒழுங்குமுறையாகும். ஆனால் எந்த அவதானியும் வெட்டவெளியில் நிற்பதில்லை. அவர் நிற்கும் இடம், அவ்விடத்திற்கு அவரைக் கொண்டுசேர்த்த சமூக உறவுகள், அவர் கையிலுள்ள கருவிகள் ஆகியன அவர் காண்பனவற்றையும் காணாது விடுவனவற்றையும் பெருமளவு நிர்ணயிக்கின்றன. எனவே மனப்பதிவுவாதத்தை விளங்கிக்கொள்வதற்கு ‘எவ்வாறு கண்டார்கள்’, ‘எங்கு நின்று கண்டார்கள்’ என்னும் இரு வினாக்களையும் ஒருங்கே எழுப்புதல் வேண்டும்.

2

முதலில் அவர்கள் எதனை எதிர்த்தனர் என்பதை நோக்குவோம். அக்காலப் பிரான்சில் ஓவியம் அரசின் ஆதரவையும் நுண்கலைக் கழகத்தின் கட்டுப்பாட்டையும் சார்ந்திருந்தது. பாரிசில் நடைபெற்ற ‘சலோன்’ எனப்படும் பெருங்கண்காட்சியே ஓவியரொருவர் புகழும் பொருளும் பெறுதற்குரிய முதன்மை வாயிலாகும். அதன் நடுவர் குழு ஏற்காத ஓவியத்திற்கு வாங்குவோர் கிடைப்பது அரிது. கருப்பொருள்களுக்குள்ளும் ஒரு சாதிப்படிநிலை காணப்பட்டது. வரலாறு, புராணம், விவிலியம் ஆகியவற்றைச் சித்திரிக்கும் ஓவியங்கள் மேல்நிலையிலும், நிலக்காட்சியும் அன்றாட வாழ்வும் கீழ்நிலையிலும் வைக்கப்பட்டன. ஓவியம் முழுமை பெற்றதென்பதற்கு அடையாளம் அதன் மழமழப்பு. தூரிகையின் தடம் தெரியாதவாறு மேற்பரப்பு மெருகூட்டப்பட்டிருத்தல் வேண்டும். வேறுவகையிற் கூறின், ஓவியனுடைய உழைப்பின் சுவடு அழிக்கப்படும்போதே அது கலைப்பொருளாக மதிக்கப்பட்டது.

1863ஆம் ஆண்டு நடுவர் குழு, வந்து சேர்ந்த ஏறத்தாழ 5000 படைப்புகளுள் பாதிக்கு மேற்பட்டவற்றை நிராகரித்தது. எழுந்த கண்டனங்களைத் தணிக்கும்பொருட்டுப் பேரரசன் மூன்றாம் நெப்போலியன் நிராகரிக்கப்பட்டோருக்கெனத் தனிக் கண்காட்சி ஒன்றுக்கு அனுமதி வழங்கினான். எடுவார் மனேயின் ‘புல்வெளியில் மதிய உணவு’ அங்கேதான் பெரும் பரிகாசத்துக்குள்ளாயிற்று. ஆடையற்ற பெண் ஓவியத்திற்குப் புதியவளல்லள். ஆனால் அவள் தேவதையாக இன்றிச் சமகாலப் பாரிசின் பெண்ணாக, சமகால உடையணிந்த ஆடவருடன் அமர்ந்து பார்வையாளரை நேராக நோக்கினாள். புராணத்தின் திரை விலகியதே அவ்வாரவாரத்தின் உட்காரணம் எனலாம். பெயரொற்றுமையால் மயங்குவோர் பலராதலின் ஒன்றை இங்குக் குறிப்பிடுதல் தகும். மனே மூத்தவர், இளையோருக்கு வழிகாட்டியாகக் கருதப்பட்டவர், எனினும் மனப்பதிவுவாதிகளின் கண்காட்சி எதிலும் அவர் பங்குகொள்ளவில்லை. குளோட் மொனே அவரினின்றும் வேறானவர். இயக்கத்தின் மையத்தில் நின்றவர்.

3

புதிய பார்வைமுறை வெறும் மனத்துணிவால் மட்டும் பிறந்துவிடவில்லை. அதற்கு வேண்டிய பொருள்சார் நிலைமைகளைக் கைத்தொழில் முதலாளித்துவம் உருவாக்கியிருந்தது.

முன்னர் ஓவியர்கள் அரைத்துக் குழைத்த வர்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையிற் கட்டி வைத்திருந்தனர். அது வெடிக்கும், விரைவிற் காய்ந்துபோகும். 1841இல் ஜோன் கொஃப் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர் மடித்துப் பிழியத்தக்க உலோகக் குழாயை வர்ணத்துக்கெனப் பதிவுசெய்து உரிமம் பெற்றார். அதன்பின் வர்ணத்தைப் பையிலிட்டு வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் எடுத்துச் செல்வது எளிதாயிற்று. வெளியிடங்களிற் சிறு வரைவுகளைத் தீட்டும் வழக்கம் முன்பே இருந்ததுதான். வெளியிலே தீட்டியதையே முடிவான ஓவியமாக மக்கள்முன் வைக்கும் துணிவே புதியது.

இரசாயனத் தொழிலின் வளர்ச்சி வர்ணங்களையே மாற்றியது. கோபாற்று நீலம், செயற்கை அல்ட்ராமரீன், குரோம் மஞ்சள், கட்மியம் மஞ்சள், பளிச்சிடும் குரோமியப் பச்சை முதலியன பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒன்றன்பின் ஒன்றாகக் கடைகளுக்கு வந்தன. இலாசுலிக் கல்லிலிருந்து பெறப்பட்டதனால் விலைமதிப்பற்றதாயிருந்த அல்ட்ராமரீன் நீலம், 1820களின் இறுதியில் தொழிற்சாலைப் பொருளாகிவிட்டது. ஏழை ஓவியனும் நிழலை நீலத்தால் தீட்டக்கூடிய நிலை இவ்வாறு உருவாயிற்று.

வர்ணம் பற்றிய அறிவும் ஆலையொன்றிலேயே பிறந்தது. பாரிசின் கோபலென் திரைச்சீலை ஆலையிற் சாயப்பகுதிக்குப் பொறுப்பாயிருந்த இரசாயனவியலாளர் ஷெவ்ரல், கறுப்புச் சாயம் மங்கலாகத் தெரிகிறதென்ற முறைப்பாட்டினை ஆராய நேர்ந்தது. குறை சாயத்தில் இல்லை, அருகில் நெய்யப்பட்ட ஏனைய வர்ணங்களின் பாதிப்பிலே உள்ளது என அவர் கண்டார். ஒரு வர்ணம் தன் அயல்வர்ணத்தை மாற்றிக் காட்டுகிறது. சிவப்பின் அருகே பச்சையும், நீலத்தின் அருகே செம்மஞ்சளும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டுகின்றன. இவ்விதியை அவர் 1839இல் நூலாக வெளியிட்டார். எப்பொருளும் தனித்து நின்று தன் தோற்றத்தைப் பெறுவதில்லை, அயற்பொருள்களுடனான உறவிலேயே பெறுகிறது என்பது இவ்விதியின் சாரம். இயங்கியற் சிந்தனையில் ஈடுபாடுடையோர்க்கு இதன் முக்கியத்துவத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இறுதியாகப் புகையிரதத்தைக் குறிப்பிடல் வேண்டும். பாரிசின் சென் லசார் நிலையத்திலிருந்து புறப்படும் பாதைகள் செய்ன் ஆற்றங்கரை ஊர்களை நகரத்தோடு பிணைத்தன. மொனே 1871இன் இறுதி முதல் 1878 வரை வாழ்ந்த ஆர்ஜான்தேய் அத்தகைய ஊர்களுள் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்தார் படகோட்ட வரும் இடமாகவும், புகைபோக்கிகள் எழுந்த கைத்தொழிற் பகுதியாகவும் அது விளங்கிற்று. மனப்பதிவுவாதிகள் தீட்டிய ‘இயற்கை’ பெரும்பாலும் கிராமத்தவனின் இயற்கையன்று. பயணச்சீட்டு வாங்கிச் சென்று பார்க்கப்படும் இயற்கையாகும். மனப்பதிவுவாதத்தை நகரத்துக் கலை என ஆர்னல்ட் ஹவுசர் வரையறுத்தமைக்குக் காரணம் இதுவே. நிலக்காட்சியைக் கூட அது நகரவாசியின் கண்கொண்டு, அவனது நரம்புகளின் வேகத்தோடு கண்டது.

4

இனி, இவ்வோவியங்களைப் பார்க்கும் முறைபற்றிச் சில கூறலாம். இவ்வியக்கத்தைப் புதிதாக அறிய விரும்புவோர் ஓர் ஓவியத்தை மூன்று வகையில் உற்றுநோக்குதல் பயன்தரும்.

முதலாவது, நிழல். மரபுவழி ஓவியன் கபில நிறத் தளத்தில் தொடங்கிக் கறுப்பையும் மண்ணிறத்தையும் கலந்து நிழலை உருவாக்கினான். மனப்பதிவுவாதி வெண்ணிறத் தளத்தில் தொடங்கினான். நிழலிலும் நிறம் உண்டென்பதைக் கண்டான். வெயில்படும் பனியின்மேல் மரநிழல் நீலமாகத் தெரிகிறது, ஏனெனில் வானத்தின் ஒளி அங்கும் படுகிறது. இது கற்பனையன்று, கண்டறிந்த உண்மை. பனி வெள்ளை, இலை பச்சை என்று நாம் ‘அறிந்து’ வைத்திருப்பவை கண்முன் உள்ளதைக் காணவிடாது தடுக்கின்றன. அவ்வறிவை ஒதுக்கிவைத்துக் காண்பதற்குக் கடும்பயிற்சி தேவைப்பட்டது.

இரண்டாவது, தூரிகைத் தடம். மாறிக்கொண்டிருக்கும் ஒளியைப் பற்றிக்கொள்ள விரைவு வேண்டும். ஆகவே ஈர வர்ணத்தின் மேலேயே ஈர வர்ணம் இடப்பட்டது. சிறுசிறு தடங்கள் இணைக்கப்படாது அருகருகே விடப்பட்டன. நீரைத் தீட்டுமிடத்துத் தடங்கள் கிடையாகவும், புல்லைத் தீட்டுமிடத்து மேல்நோக்கியும் செல்வதைக் காணலாம். கழகத்தினர் மறைக்கச் சொன்ன உழைப்பின் சுவடு இங்கு வெளிப்படையாயிற்று. இப்புள்ளிகள் கண்ணிலே கலந்து ஒரு நிறமாகின்றன என்று பாடநூல்கள் கூறுவதுண்டு. அக்கோட்பாட்டை முறையாகக் கையாண்டவர் 1886ஆம் ஆண்டு இறுதிக் கண்காட்சியிற் பங்குகொண்ட ஜோர்ஜ் சேராவே. மொனேயும் ரெனுவாரும் வர்ணங்களைத் தட்டிலும் கலந்தனர், சீலையிலும் கலந்தனர். கோட்பாட்டைவிட அனுபவமே அவர்களுக்கு வழிகாட்டிற்று. அவ்வாறே, எல்லா ஓவியங்களும் வெளியிலே ஒரே அமர்வில் முடிக்கப்பட்டன என்பதும் ஒரு பழங்கதையே. மொனே 1899 முதல் 1901 வரை இலண்டனில் தொடங்கிய தேம்ஸ் நதி ஓவியங்களைப் பிரான்சிலுள்ள தமது கூடத்திற் பல காலம் திருத்தி, 1904இலேயே காட்சிக்கு வைத்தார்.

மூன்றாவது, சட்டகம். உருவங்கள் ஓரத்தில் வெட்டுப்படுகின்றன. காட்சி மேலிருந்து பார்க்கப்படுகிறது. மையம் வெறுமையாக விடப்படுகிறது. எட்கார் டெகாவின் நடனக் கூடங்களில் இதனைத் தெளிவாகக் காணலாம். ஒக்குசாய், இரோசிகே முதலிய யப்பானியக் கலைஞரின் மரவெட்டு அச்சோவியங்களும், 1839இல் உலகறியச் செய்யப்பட்ட நிழற்படக் கலையும் இத்தகைய நோக்குக்குத் துணைபுரிந்தன.

மொனேயின் ‘கப்புசீன் பெருவீதி’ (1873) இம்மூன்றையும் ஒருங்கே காட்டும். மேல்மாடியிலிருந்து பார்க்கப்படும் அகன்ற வீதி, இலையுதிர்ந்த மரங்கள், நீலச்சாயலுடைய குளிர்ந்த ஒளி, கீழே திரளும் மக்கள். ஒவ்வொரு மனிதனும் ஓரிரு கருந்தடங்கள் மாத்திரமே. முகமில்லை, வர்க்க அடையாளமில்லை, பெயரில்லை. ஆயின் திரள் அசைகிறது. தனிமனிதனைக் கூட்டத்தின் துகளாக்கும் நவீன நகர அனுபவத்தை இவ்வளவு துல்லியமாக ஓவியம் அதற்குமுன் பதிவுசெய்ததில்லை.

5

‘மனப்பதிவுவாதிகள்’ என்ற பெயர் ஏளனமாக வந்தது. 1874 ஏப்ரல் 15ஆந் திகதி, அதே கப்புசீன் பெருவீதியில், நடார் என்னும் நிழற்படக் கலைஞரின் முன்னாள் கூடத்தில், 30 கலைஞர்கள் தமது படைப்புகளைத் தாமே காட்சிக்கு வைத்தனர். மொனேயின் ‘மனப்பதிவு: சூரியோதயம்’ அங்கிருந்தது, ஆவிர் துறைமுகத்தின் பனிமூட்டத்தில் எழும் செஞ்சூரியனைக் காட்டும் சிறிய ஓவியம் அது. பத்து நாட்களின் பின் லூயி லெருவா என்பவர் ‘சரிவாரி’ என்னும் அங்கத ஏட்டில், பழைமைவாத ஓவியர் ஒருவர் அக்கண்காட்சியைச் சுற்றிவந்து சித்தங்கலங்குவதாக ஓர் உரையாடலை எழுதினார். ‘மனப்பதிவுவாதிகளின் கண்காட்சி’ என்பது அதன் தலைப்பு. பெருவீதியின் கருந்தடங்களும் அதிற் கேலிக்குள்ளாயின. பின்னர் அப்பெயரை அவர்களே ஏற்றுக்கொண்டனர்.

கலை வரலாறுகள் இந்நகைச்சுவையை விரிவாகக் கூறும் அளவுக்கு அக்கண்காட்சியின் அமைப்புமுறையைக் கூறுவதில்லை. 1873 டிசெம்பரில் அவர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கமாகவே தம்மைப் பதிவுசெய்தனர். அதன் விதிகளை வகுப்பதற்குக் கமீல் பிசாரோ முன்மாதிரியாகக் காட்டியது பேக்கரித் தொழிலாளர் சங்கம் ஒன்றின் சாசனத்தை என்பர். நடுவர் குழு இல்லை, பரிசில் இல்லை, படைப்புகளைத் தொங்கவிடும் இடமும் சீட்டிழுப்பு முதலிய நடுநிலையான வழிகளால் தீர்மானிக்கப்பட வேண்டும் என்பது நோக்கம். அரசின் பிடியிலிருந்து விடுபட விரும்பிய கலைஞர், தொழிலாளரின் அமைப்பு வடிவத்தை நாடியமை கவனத்திற்குரியது.

அம்முயற்சி ஓராண்டு நீடிக்கவில்லை. ஏறத்தாழ 3500 பேரே வந்தனர், கடன் மிஞ்சிற்று, அவ்வாண்டு டிசெம்பரிற் சங்கம் கலைக்கப்பட்டது. கண்காட்சிகள் தொடர்ந்தன. 1886 வரை எட்டு நடைபெற்றன. எட்டிலும் பங்குகொண்டவர் பிசாரோ ஒருவரே. ஆயின் கூட்டுறவின் இடத்தைப் படிப்படியாக வணிகர் பிடித்தனர். 1870-71 போரின்போது இலண்டனில் மொனேயையும் பிசாரோவையும் சந்தித்த போல் டியூரன் ருயெல் என்னும் ஓவிய வணிகர், அவர்களது படைப்புகளை மொத்தமாக வாங்கத் தொடங்கினார். அவருக்குத் துணைநின்ற ‘யூனியோன் ஜெனரால்’ வங்கி 1882இல் முறிந்தபோது ஓவியர்களின் வாழ்வும் ஆட்டங்கண்டது. 1886இல் அவர் ஏறத்தாழ 300 ஓவியங்களை நியூயோர்க்குக்குக் கொண்டுசென்ற பின்னரே, அமெரிக்க முதலாளிகளின் பணம் அவர்களை நிலைபெறச் செய்தது.

நுண்கலைக் கழகத்திலிருந்து பெற்ற விடுதலை சந்தையைச் சார்ந்திருத்தலாக முடிந்தமை, இயக்கத்தின் உள்முரண்பாடாகும். அதன் சுவடு படைப்பிலும் தென்படுகிறது. மொனே 1890-91இல் ஒரே வைக்கோற்போரை வெவ்வேறு வேளைகளிலும் பருவங்களிலும் தீட்டினார். 15 ஓவியங்கள் 1891இல் டியூரன் ருயெலின் காட்சிக்கூடத்தில் ஒருங்கு வைக்கப்பட்டன. ஒருபொருளின் தோற்றம் கணந்தோறும் மாறுவதை நிறுவிய மகத்தான ஆராய்ச்சி அது. அதேவேளை, ஒவ்வொன்றும் தனித்தனியே விலைபோகக்கூடிய வரிசையுமாகும். இரண்டும் உண்மை; ஒன்றைக் கூறி மற்றதை மறைப்பது வரலாற்று நேர்மையாகாது. அவ்வரிசையில் ஓர் ஓவியம் 2019ஆம் ஆண்டு நியூயோர்க்கில் 110.7 மில்லியன் டொலருக்கு ஏலம் போயிற்று. அந்த வைக்கோலை அறுத்துக் குவித்த கமக்காரர்கள் ஓவியத்தில் இடம்பெறவில்லை என்பதையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

6

இங்குதான் எமது இரண்டாவது வினா எழுகிறது. இவர்கள் எங்கு நின்று கண்டனர்? எதனைக் காணாது விட்டனர்?

1853 முதல் 1870 வரை பரன் ஒஸ்மான் பாரிஸ் நகரை இடித்துப் புதுக்கினான். நெருக்கமான பழைய குடியிருப்புகள் அழிந்து நேரான பெருவீதிகள் எழுந்தன. வறியோர் நகரின் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டனர். மனப்பதிவுவாதிகள் தீட்டிய ஒளிமிக்க வீதிகள் இவ்வாறு உருவானவை. அடுத்து 1870இற் பிரஷ்யப் போர் மூண்டது. இவர்களின் தோழர் பிரெடெரிக் பசீல் அவ்வாண்டு நவம்பரில் போர்க்களத்தில் மாண்டார். 1871 மார்ச் 18 முதல் மே 28 வரை பாரிஸ் கம்யூன் நிலவியது. கலைஞர் சம்மேளனத்துக்குத் தலைமை தாங்கிய யதார்த்தவாத ஓவியர் குஸ்தாவ் கூர்பே சிறையிலிடப்பட்டார். வொண்டோம் வெற்றித்தூணை வீழ்த்தியமைக்குப் பெருந்தொகை தண்டமாக விதிக்கப்பட்ட நிலையில், நாடுகடந்து 1877இற் சுவிற்சலாந்தில் இறந்தார். பல்லாயிரக்கணக்கான பாரிஸ் மக்கள் கொல்லப்பட்டனர். மூன்றாண்டுகளில் முதலாவது மனப்பதிவுவாதக் கண்காட்சி அந்நகரிலேயே திறக்கப்பட்டது. அதன் சுவர்களில் அப்படுகொலையின் நிழலைத் தேடின் காண்பதரிது. மொனேயும் பிசாரோவும் அந்நாட்களில் இலண்டனில் இருந்தமையால் மட்டும் இம்மௌனத்தை விளக்கிவிட முடியாது. இடிபாடுகளை விரைந்து அகற்றி, மகிழ்ச்சியான குடியரசாகத் தன்னைக் காட்டிக்கொள்ள விழைந்த வர்க்கத்தின் மனநிலை ஓவியர்களையும் சூழ்ந்திருந்தது.

ஒரே நாளில் தீட்டப்பொருளாகிய இரு காட்சிகளை ஒப்பிடின் இது துலங்கும். 1878 ஜூன் 30ஆந் திகதி, உலகக் கண்காட்சியையொட்டி அமைதியையும் உழைப்பையும் போற்றும் விழா பாரிசிற் கொண்டாடப்பட்டது. மொனே ‘மொந்தோர்கெய் வீதி’யை மாடியொன்றிலிருந்து தீட்டினார். மூவர்ணக் கொடிகள் இருமருங்கும் துடிக்கின்றன, கீழே திரள். கொடியையும் மனிதரையும் பிரிக்க முடியாத வர்ணக் கொந்தளிப்பு அது. அதே நாளின் விழாவை மனே தமது கூடத்தின் யன்னலிலிருந்து கண்டார். அவருடைய ‘மொஸ்னியே வீதி’யிலும் கொடிகள் உண்டு, ஆனால் வீதி ஏறக்குறைய வெறுமை. முன்புறத்தில், நீல மேற்சட்டையணிந்த ஒற்றைக்காலர் ஒருவர், எமக்கு முதுகுகாட்டி, ஊன்றுகோல்களில் நடந்து செல்கிறார். போரில் காலிழந்தவர் என்றே அவரைக் கருதத் தோன்றுகிறது. விழாவின் பொருளை அவ்வுருவம் வினாவுக்குள்ளாக்குகிறது. கம்யூனின் வீழ்ச்சியைப் பற்றி ‘உள்நாட்டுப் போர்’ என்னும் கல்லச்சோவியத்தைப் படைத்தவரும் இதே மனேயே. கம்யூன் போராளிகளுக்கான பொதுமன்னிப்பு இவ்விழாவின் இரண்டாண்டுகளுக்குப் பின்னர், 1880இலேயே வழங்கப்பட்டது.

இவ்விரு ஓவியங்களிலும் தூரிகை விரைவானது, நிழல் நிறமுடையது, பார்வை மேலிருந்து வருவது. உத்தி ஏறத்தாழ ஒன்றே. எனவே குறைபாடு உத்தியில் உள்ளதென்ற முடிவு பொருந்தாது. அவ்வுத்தியைக் கொண்டு எதனை நோக்கத் துணிகிறோம் என்பதே வேறுபாட்டினை உண்டாக்குகிறது.

7

உழைப்பு இவர்களது ஓவியத்தில் முற்றாக இல்லை என்பதும் சரியன்று. குஸ்தாவ் கைபொத் செல்வக் குடும்பத்தவர். அவர் 1875இல் தீட்டிய ‘தளஞ் சீவுவோர்’ முழங்காலிட்டு மரத்தளத்தைச் சீவும் மூன்று தொழிலாளரைக் காட்டுகிறது. சலோன் அதனை நிராகரித்தது; 1876ஆம் ஆண்டு மனப்பதிவுவாதிகளின் கண்காட்சியிலேயே அது இடம்பெற்றது. வயலில் உழைப்பவரை ஏற்கப் பழகியிருந்த நடுவர்களுக்கு, பணக்கார வீட்டினுள் வியர்வை சிந்தும் நகரத் தொழிலாளி உவப்பாயிருக்கவில்லை.

டெகா சலவைக் கூடங்களில் துணி மினுக்கும் பெண்களைத் திரும்பத் திரும்பத் தீட்டினார். 1880களில் உருவான ஓவியமொன்றில் ஒருத்தி இரு கைகளாலும் பாரத்தைச் செலுத்தி மினுக்குகிறாள். மற்றவள் போத்தலைப் பிடித்தபடி கொட்டாவி விடுகிறாள். அனுதாபத்தைக் கோரும் பாவனை ஏதுமின்றி, களைத்த உடல் எவ்வாறு அசைகிறது என்பது மாத்திரம் சொல்லப்படுகிறது. இதே டெகா பின்னாளில் டிரைபஸ் விவகாரத்தில் யூதஎதிர்ப்பாளரின் பக்கம் நின்றார். பழைய நண்பர் பிசாரோவை அதனாலேயே விலக்கினார். மொனேயோ டிரைபசுக்காகக் குரல்கொடுத்த எமில் சோலாவை ஆதரித்தார். ஒரே ஓவிய முறை எதிரெதிரான அரசியல்களுக்கு இடமளித்தமைக்கு இது தக்க சான்றாகும்.

பேர்த் மொரிசோவின் நிலை தனித்து நோக்கத்தக்கது. பாரிஸ் நுண்கலைப் பள்ளி 1897 வரை பெண்களை அனுமதிக்கவில்லை. உயர்குடிப் பெண் தனியே பெருவீதியில் நின்று தீட்டுவதும் இயலாது. எனவே வீடும் தோட்டமுமே அவரது களமாயின. தம் மகளுக்குக் கூலிக்குப் பாலூட்டும் பெண்ணை அவர் தீட்டிய ஓவியத்தை லிண்டா நொக்லின் என்னும் பெண்நிலைவாதக் கலை வரலாற்றாசிரியர் விரிவாக ஆராய்ந்துள்ளார். தாய்மையின் சின்னமாகத் தோன்றும் அக்காட்சியில் பாலூட்டுபவள் தாயல்லள், ஊழியம் செய்பவள். அவளைத் தீட்டும் தாயும் ஓவியத் தொழிலில் ஈடுபட்டிருக்கிறாள். உழைக்கும் இருவர் எதிரெதிரே உள்ளனர். ஒருத்தியின் உழைப்பே மற்றவளுக்குத் தூரிகை பிடிக்க நேரம் தருகிறது. பால்நிலையும் வர்க்கமும் ஒரே சீலையிற் சந்திக்கும் இடம் இது.

பிசாரோ கரிபியத் தீவொன்றில் யூத வணிகக் குடும்பத்திற் பிறந்தவர், அரசின்மைவாதி. கமக்காரரையும் சந்தைப் பெண்களையும் அவர் நிலக்காட்சியின் அலங்காரமாக வைக்கவில்லை. ஓவியத்தின் நடுவே, வேலை செய்பவராக நிறுத்தினார். 1889இல் முதலாளித்துவ நகரத்தின் கொடுமைகளைக் காட்டும் வரைபடத் தொகுதியொன்றைத் தம் உறவினருக்கென உருவாக்கினார். அது விற்பனைக்காக வெளியிடப்படவில்லை. கோபத்தின் முழுக்குரல் குடும்பத்துக்குள்ளும், அதன் தணிந்த வடிவம் காட்சிக்கூடத்திலும் இடம்பெற்றமை சந்தையின் ஆற்றலுக்குச் சான்று பகர்கிறது.

8

மார்க்சிய விமர்சனம் இவ்வோவியத்தை எவ்வாறு மதிப்பிட்டது என்பதையும் நாம் தயக்கமின்றி ஆராய வேண்டும். பிளெகானோவ் மனப்பதிவுவாதிகளின் உத்தித் திறனை ஏற்றார். எனினும் ஒளியே அவர்களுக்குத் தலைமைப் பாத்திரமாகிவிட்டது, கருத்துகளில் அவர்கள் அலட்சியம் காட்டினர் எனக் குறைகண்டார். அக்கணிப்பில் உண்மை உண்டு. ஆனால் அது பிற்காலத்தில் ஆணையாக இறுகியபோது விளைவு விபரீதமாயிற்று.

ரஷ்ய நெசவாலை முதலாளி இவான் மொரோசோவும் வணிகர் செர்கேய் சூக்கினும் பாரிசில் வாங்கிச் சேர்த்த ஓவியங்கள், அக்டோபர் புரட்சியின் பின் 1918இல் தேசவுடைமையாக்கப்பட்டன. தனியார் மாளிகைச் சுவர்களில் இருந்தவை தொழிலாளரும் காணக்கூடிய பொதுச் சொத்தாயின. மொனேயின் ‘கப்புசீன் பெருவீதி’யின் இரு வடிவங்களுள் ஒன்று அவ்வாறு மொஸ்கோ மக்களுக்குக் கிடைத்தது. 1948இல், உருவவாதம் என்ற குற்றச்சாட்டின் பேரில், அவ்வோவியங்கள் இருந்த நவீன மேற்கத்தியக் கலை நூதனசாலை மூடப்பட்டது. படைப்புகள் மொஸ்கோவின் புஷ்கின் நூதனசாலைக்கும் லெனின்கிராட்டின் ஹெர்மிட்டாஜுக்கும் பிரித்தனுப்பப்பட்டன; பல ஆண்டுகள் களஞ்சியங்களில் அடைபட்டிருந்தன. புரட்சி மக்களுக்கு மீட்டுக்கொடுத்ததை, புரட்சியின் பெயரால் ஓர் அதிகாரக் குழு மறைத்துவைத்தது. 1863இல் பாரிஸ் நடுவர் குழு செய்ததற்கும் இதற்கும் வேறுபாடு எவ்வளவு என்பதை முற்போக்காளர் தம்மைத் தாமே வினவிக்கொள்ளுதல் நலம்.

வர்க்கத் தோற்றத்தைச் சுட்டுவதோடு ஆய்வு முடிந்துவிடுவதில்லை. ஒரு கலைமுறை எவ்வர்க்கத்தின் எழுச்சியோடு பிறந்தது என்பது அதன் பிறப்பை விளக்கும். அது மனித அறிவுக்குச் சேர்த்ததை அளந்துவிடாது. மனப்பதிவுவாதிகள் சேர்த்தவை மூன்று. சமகால வாழ்வு ஓவியத்துக்குத் தகுதியானதென நிறுவினர். பொருள்கள் தம்முள்ளும் ஒளியோடும் கொண்ட உறவிலேயே தோற்றம் பெறுகின்றன என்பதைக் கண்ணுக்குக் கற்பித்தனர். மெருகின் அடியில் புதைக்கப்பட்ட தூரிகைத் தடத்தை, அதாவது உழைப்பின் அடையாளத்தை, மேற்பரப்புக்குக் கொண்டுவந்தனர். அவர்களது எல்லையும் தெளிவானதே. மாடியிலிருந்து திரளைக் கண்டவர்கள், பெரும்பாலும் இறங்கிவந்து அதன் முகங்களைக் காணவில்லை. கணத்தின் உண்மையைப் பற்றியவர்கள், அக்கணத்தை உருவாக்கிய வரலாற்றைப் பெரும்பாலும் சட்டகத்துக்கு வெளியே விட்டனர்.

இந்நோக்கில் ‘மனப்பதிவு விமர்சனம்’ என்னும் எமது வசைச்சொல்லும் மறுபரிசீலனைக்குரியது. படைப்பைக் கூர்ந்து நோக்காது எழுந்தமானமாகக் கூறப்படும் அபிப்பிராயத்துக்கு அப்பெயர் பொருந்தாது. மனப்பதிவு என்பது அவர்களிடத்தில் நீண்ட பயிற்சியின் பேறாகும். கண்முன் உள்ள படைப்பைப் பொறுமையுடன் பார்க்காமலே அதன் வர்க்கத் தன்மையைத் தீர்ப்பாக வழங்கும் எழுத்தும் அதே சோம்பலின் இன்னொரு வடிவமே. படைப்பை நுணுகிக் காணும் கண்ணும், கண்டதன் சமூகக் காரணங்களைத் தேடும் அறிவும் ஒன்றையொன்று வேண்டி நிற்பன. மொஸ்னியே வீதியின் ஒற்றைக்காலரைச் சில தடங்களிலே தீட்டிய மனேயிடத்து அவ்விரண்டும் கூடியிருந்தன. எமது விமர்சனம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அதுவே எனக் கருதுகிறோம்.